எஸ்தோவா, எஸோஸா?

ஸ்பெயினின் வலென்சியா சந்தையில் தக்காளிக் குவியலைக் காட்டி, "எஸ்தோ, போர் ஃபவோர்" (இது, தயவுசெய்து) என்றார் ஒருவர்.

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. "எஸ்தோஸ்?" என்று கேட்டுக்கொண்டே பையில் போட்டார்.

ஸ்பானிஷ் புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இதுதான்.

'இது' என்பதற்கு ஆண்பால் ஒருமை எஸ்தே. எஸ்தோ அல்ல! பெண்பால் எஸ்தா. பன்மை எஸ்தோஸ், எஸ்தாஸ். பன்மையைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எஸ்தோவில்தான் போய் விழுவோம்.

எஸ்தோ பெயர் தெரியாத பொருளுக்கும் பேச்சில் வரும் விஷயத்துக்கும். "கே எஸ் எஸ்தோ?" (இது என்ன?)

பெயர் தெரிந்ததும் பால் பார்க்க வேண்டும். தக்காளி ஆண்பால், ஆரஞ்சு பெண்பால். நம்ம 'இது' மாதிரி எல்லாவற்றுக்கும் ஒன்றையே போட முடியாது. ஆளைக் காட்டி எஸ்தோ என்றால் மரியாதைக் குறைவு. அம்மாவை அறிமுகம் செய்ய: "எஸ்தா எஸ் மி மாத்ரே."

அடுத்தது தூரம். தக்காளி கடைக்காரர் பக்கம் இருக்கிறது, அதனால் வாங்குபவர் சொல்ல வேண்டியது எஸோஸ். கடைக்காரரோ எஸ்தோஸ் என்பார். இருவருக்கும் எட்டாத மூலையில் இருந்தால் அகேயோஸ். இதுவுக்கும் அதுவுக்கும் நடுவே 'உது' சொல்லும் யாழ்ப்பாணத்தாருக்கு இது தண்ணி பட்ட பாடு.

பழைய புத்தகங்களில் எஸ்தே, எஸ்தா போன்ற சுட்டுப்பெயர்கள் மேல் ஒரு சாய்கோடு இருக்கும். ஸ்பானிய அரச அகாதமி 2010-இல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தின்படி அது தேவையில்லை.

உச்சரிப்பில் மட்டும் கவனம்: எஸ்தாவில் முதல் அசையை அழுத்துங்கள். கடைசி அசையை அழுத்தினால் 'இருக்கிறது' என்ற வினைச்சொல் ஆகிவிடும்.