மைசூரில் ஒரு ஞாயிறு இரவு: அரண்மனை விளக்கும் தள்ளுவண்டி பல்பும்

ஒன்றரை கிலோமீட்டருக்கு 250 ரூபாய். மைசூர் புறநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து அரண்மனை பக்கத்தில் இருக்கும் எங்கள் விடுதிக்கு ஒரு ஆட்டோக்காரர் சொன்ன விலை இது. நல்ல தமிழில்தான் சொன்னார்.

"சண்டே சார். பேலஸ் லைட்டிங் சார். ரோடெல்லாம் ஜாம்."

"லைட்டிங் ராத்திரி ஏழு மணிக்குங்க. இப்ப மணி பன்னிரண்டு."

"ஒன்வே சார், சுத்திப் போகணும்."

மீட்டர் என்ற பேச்சை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் 250 என்ற எண் அதைவிட அதிகமாக வலித்திருக்க வேண்டும். "ஏனுங் மாப்பிள்ளை, நடந்தே போயரலாமுங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் கிளம்பிவிட்டார். அதற்கு முன்பே அவருக்கு இன்னொரு கோபம். கர்நாடக அரசுப் பேருந்தில் 2023 ஜூனிலிருந்து அந்த மாநிலப் பெண்களுக்கு இலவசம். சாமராஜநகரிலிருந்து பக்கத்து இருக்கைப் பெண்கள் காசு கொடுக்காமல் வர, ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி வைத்திருந்த பாவத்துக்கு மாமியாரும் என் மனைவியும் முழு டிக்கெட். அந்தப் பேருந்தின் இருக்கைக்கு காசு வாங்கியதே அநியாயம் என்பது தனிக் கதை. சத்தியமங்கலம் தாண்டி வரும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவிலும் பொறுத்துக்கொண்ட என் முதுகு, அந்தச் சமவெளி ரோட்டில்தான் கைவிட்டது.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஞாயிறு இரவைத் தாண்டி மனசு நகர மறுக்கிறது. மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை எல்லாம் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

ஆறரைக்கே அரண்மனை வளாகத்துக்குள் போய்விட்டோம். விளக்கு பார்க்க எங்களிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை, அதுவே எனக்குப் பாதி சந்தோஷம். பகலில் உள்ளே போய்ப் பார்க்கத்தான் கட்டணம். ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் விளக்கு நாட்கள். கட்டடத்தின் விளிம்பு, வளைவு, கோபுரம் எல்லாவற்றிலும் வரிசையாகக் குண்டு பல்புகள், ஏறக்குறைய ஒரு லட்சம். "இத்தனையும் எரிச்சா கரண்டு பில்லு யாருங் கட்டறது?" என்றார் மாமியார். அரண்மனை வாரியம் என்றேன். திருப்தியில்லை. அதனால் கொஞ்சம் வரலாறும் சொல்ல வேண்டியதாயிற்று. பழைய மர அரண்மனை 1897-ல் எரிந்துபோனது. இப்போதுள்ளது 1912-ல் முடிந்தது. வரைபடம் போட்ட ஹென்றி இர்வினின் பெயர் நம் எழும்பூர் ரயில் நிலையத்தோடும் சேர்ந்து வரும். மின்சாரமும் இந்த சமஸ்தானத்துக்குப் பழைய சொந்தம்தான். காவிரி விழும் சிவனசமுத்திரத்தில் 1902-லேயே மின்சாரம் எடுத்து, நம் ஆட்கள் ஏராளமாகப் பாடுபட்ட கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். 1905-ல் பெங்களூர்த் தெருக்களுக்கும் வந்தது. "அப்ப நம்மூரு காவேரித் தண்ணிதான்" என்று மாமியார் கணக்கை முடித்தார்.

ஏழு மணி. முன்னறிவிப்பு இல்லாமல் மொத்தமும் ஒரே நொடியில் எரிந்தது. கூட்டம் முழுக்க ஒரு "ஓ". அத்தனை கைகளிலும் போன். நானும் எடுத்தேன், எல்லாப் படமும் ஒரே மாதிரி.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பத்து நிமிஷத்தில் போன்கள் இறங்கின. ஜனங்கள் அரண்மனையை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். தரையில் துண்டை விரித்தார்கள், டிபன் பாக்ஸ் திறந்தது. குழந்தைகள் கூட்டத்துக்குள் ஓடின, யாரும் பதறவில்லை, ஏனென்றால் எது யார் பிள்ளை என்று இருபதடி தள்ளியும் முகம் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மண்டியா அம்மா ஒருவர் கன்னடத்தில் பேச, மாமியார் கொங்குத் தமிழில் பதில் சொல்ல, இருவரும் மருமகன்களைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அங்கே பிரமாதமான வெளிச்சம் என்று நினைக்காதீர்கள். தரையில் புத்தகம் வைத்தால் சிரமப்பட்டுத்தான் படிக்கலாம். ஆனால் ஒளி தலைக்கு மேலிருந்து கொட்டவில்லை. எதிரே அகலமான ஒரு சுவர் முழுக்கப் பரவி, முகத்துக்கு நேராக வருகிறது. கண்ணுக்குக் கீழே நிழல் விழுவதில்லை. குண்டு பல்பின் இதமான மஞ்சளில் எல்லோரும் கொஞ்சம் அழகாகவும் தெரிகிறார்கள், நான் உட்பட.

எங்கள் ஊரில் ஒரு பூங்கா இருக்கிறது, பெயர் வேண்டாம். நடுவில் பனைமர உயரத்துக்கு ஒரு ஹைமாஸ்ட் கம்பம், மேலே வெள்ளை எல்இடி. கீழே விழுந்த ஊசியையும் எடுத்துவிடலாம். ஆனால் எதிரே வருபவரின் கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் குழிதான் தெரியும். வெளிச்சம் முடிகிற இடத்தில் மரத்தடி இன்னும் இருட்டாகிவிடும். அங்கே எட்டு மணிக்கு யாரும் உட்காருவதில்லை, நடைப்பயிற்சிக்காரர்கள் வேக வேகமாகச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். 2015-க்குப் பிறகு நாடு முழுக்க மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு எல்இடி மாட்டினோம். மின்சாரம் மிச்சம், அதில் சண்டையில்லை. எல்இடியிலும் மஞ்சள் கிடைக்கிறது, தாழ்ந்த கம்பமும் கிடைக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரி வெள்ளையைத்தான் தேடிப்பிடித்து உச்சியில் மாட்டுகிறார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

அரண்மனை விளக்கு ஒரு மணி நேரம்கூட முழுசாக எரியவில்லை. அணைந்த மறுநிமிஷம் மொத்தக் கூட்டமும் எழுந்து வாசலை நோக்கி நெருக்கியது. மாமியாரும் மண்டியா அம்மாவும் பாதிப் பேச்சில் பிரிந்தார்கள்.

பசி. விடுதியின் உணவகத்தில் மெனு கார்டைப் பார்த்ததுமே வெளியே வந்துவிட்டேன். ஒரு சாப்பாட்டு விலையில் வெளியே மூன்று பேரும் சாப்பிடலாம். தேவராஜா மார்க்கெட் பக்கம் சின்ன மணிக்கூண்டு இருக்கிறது, சிக்க கடியாரா என்கிறார்கள், அப்போதைய வைஸ்ராய் டஃபரின் பிரபு வந்ததற்காக 1886-ல் கட்டியது. அந்தத் திடலில்தான் இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு கிடைத்தது: சுருமுரி. பொரியில் துருவிய கேரட், வெங்காயம், தக்காளி, மாங்காய், காரப்பொடி, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய். நம்மூர்க் காரப்பொரியின் சொந்தக்காரன்தான், ஆனால் அந்தத் தேங்காய் எண்ணெய் வாசனையில் ஆளே வேறு. மூன்று பொட்டலம் வாங்கினோம், பிறகு மறுபடியும் மூன்று. நூற்றைம்பது ரூபாய்க்குள் இரவுச் சாப்பாடு முடிந்தது. ஆட்டோவில் மிச்சமான காசிலேயே!

சுருமுரி வண்டி, பழ வண்டி, பூ விற்பவர், ஒவ்வொருவரிடமும் தலை உயரத்தில் தொங்கும் ஒரு பல்பு. சிலது பேட்டரியில், சிலது எங்கிருந்தோ இழுத்த ஒயரில். அந்தச் சின்னச் சின்ன வெளிச்சங்களைச் சுற்றித்தான் ஆட்கள் நின்றார்கள். கல்லூரிப் பெண்கள் நான்கைந்து பேர் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரைக்கு மேல் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தெருவிளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது, ஒரு விளக்கும் குறையவில்லை. ஆனால் கடைசிப் பழ வண்டி நகர்வதற்குள் அந்தப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். என் மனைவியும், "வாங்க போலாம், இனி இங்க நிக்க ஒரு மாதிரி இருக்கு" என்றாள். தள்ளுவண்டிகளை ஆக்கிரமிப்பு என்று அப்புறப்படுத்திவிட்டு, பிறகு பெண்களின் பாதுகாப்புக்காகப் புது விளக்கு மாட்டும் அதிகாரிகளை ஒரு வாரம் இப்படி ஒரு திடலில் உட்கார வைக்க வேண்டும்.

சரி, செலவுக்கு வருகிறேன். சத்தியமங்கலம் வழி போகிறவர்கள் கவனிக்க: திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுத் தடை, ஒன்பது மணிக்கு மேல் காருக்கும் வழியில்லை. புலிகள் காப்பகம், அங்கே இருட்டு விலங்குகளுக்கு வேண்டியது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரண்மனை விளக்கைப் பார்த்துவிட்டு அன்றே அந்த வழியில் ஊர் திரும்ப முடியாது என்பதால் ஒரு இரவு வாடகை கட்டாயம். சனிக்கிழமையே போய் இரண்டு இரவு வாடகை கொடுக்காதீர்கள், ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்தால் போதும். வார இறுதியில் அறை விலை ஏறும், பேரம் பேசுங்கள், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போங்கள். சுருமுரிக்காரரிடம் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விடச் சொல்லுங்கள்.