பிரியாணிப் பந்தயம்

"அக்கா, 'நான்தான் கடவுள், என்னை வணங்குங்க'ன்னு ஈசா நபி சொன்னதா பைபிள்ல ஒரே ஒரு வசனம் காட்டுங்க. பிரியாணி என் செலவு" என்றான் ஆபீசில் பக்கத்து சீட் முஸ்லிம் தம்பி. இயேசுவைத்தான் அவன் ஈசா நபி என்கிறான். கேலி இல்லை. நான்கு சுவிசேஷங்களையும் போனிலேயே படித்து முடித்திருக்கிறான். ஞாயிறு பள்ளியில் பதினோரு வருடமாகப் பாடம் நடத்தும் நான் அவற்றில் ஒன்றான மாற்குவை ஒரே மூச்சில் படித்ததில்லை.

"நாளைக்குக் காட்டுறேன்" என்றேன். என் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. 1 யோவான் 5:7. பிதா, வார்த்தை (அதாவது இயேசு), பரிசுத்த ஆவி, "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." சிறுவயதில் மனப்பாட வசனப் போட்டியில் எவர்சில்வர் டம்ளர் வாங்கித் தந்த வசனம்.

நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடி கத்தோலிக்க வீட்டில். அதனால் அலமாரியில் இரண்டு வேதாகமம். அப்பா கொடுத்த கறுப்பு அட்டை பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, அத்தையின் திருவிவிலியம் ஒன்று. சும்மா ஒத்துப் பார்ப்போமே என்று அத்தையுடையதைத் திறந்தால், அந்த வாக்கியம் இல்லை! பக்கம் கிழிந்திருக்குமோ என்றுகூட தடவிப் பார்த்தேன். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. டச்சு அறிஞர் இராஸ்மஸ் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை; 1522 பதிப்பில்தான் சேர்த்தார். டம்ளர் இன்னும் சமையலறையில் இருக்கிறது. வசனம்தான் போய்விட்டது.

சரி, யோவான் 1:1. "அந்த வார்த்தை தேவனாயிருந்தது." கிரேக்கத்தில் இங்கே 'தேவன்' என்ற சொல்லுக்கு முன்னால் ஆங்கில 'the' மாதிரியான சொல் இல்லை, அதனால் 'ஒரு தேவன்' என்றுதான் கொள்ள வேண்டும் என்று, இயேசுவைச் சர்வவல்லவரான கடவுளாக ஏற்காத யெகோவாவின் சாட்சிகள் வாதிடுவார்கள். நம் தமிழில் அந்த 'the' மாதிரிச் சொல்லே கிடையாதே, இந்தச் சண்டையை எப்படிப் போடுவது? ஆனால் நமக்கு வேறொரு சிக்கல். முப்பத்து முக்கோடி தேவர்கள் உள்ள ஊரில் 'தேவன்' என்றால் காதில் என்ன விழும்? அத்தையின் புத்தகத்தில் அது 'கடவுள்'. இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. பழைய மொழிபெயர்ப்பில் முதல் வசனத்தில் வார்த்தை 'இருந்தது', இரண்டாம் வசனத்திலேயே "அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்." அஃறிணை ஒரு முற்றுப்புள்ளியைத் தாண்டியதும் உயர்திணை ஆகிவிடுகிறது. கிரேக்கத்தில் 'வார்த்தை' என்பது ஆண்பாற்சொல். அங்கே இந்தத் தாவல் தேவையே இல்லை.

தம்பி கேட்ட வாக்கியம் அதே வடிவில் எங்கேயும் இல்லை. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். "என் பிதா என்னிலும் பெரியவர்" என்பதும் அதே யோவானில்தான் இருக்கிறது. கி.பி. 325-இல் நிசேயா நகரில் ஆயர்கள் கூடியது முக்கியமாக இதைத் தீர்க்கத்தான். பிதாவும் குமாரனும் 'ஒரே தன்மை' என்று அவர்கள் எழுதிய சொல் வேதத்தில் இல்லையே என்று அன்றைக்கே சிலர் முறைத்துக்கொண்டார்கள்.

நான் நின்ற இடம் யோவான் 20:28. சீடன் தோமா உயிர்த்தெழுந்த இயேசுவிடம் நேருக்கு நேராக "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறான். இயேசுவின் சீடர் பேதுருவின் காலில் ரோமானிய அதிகாரி கொர்நேலியு விழுந்தபோது, "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்று பேதுரு தூக்கிவிடுகிறார். லீஸ்திரா ஊரில் மக்கள் தங்களைத் தேவர்கள் என்றதும் பர்னபாவும் பவுலும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறார்கள். வெளிப்படுத்தல் புத்தகத்தில் தன் காலில் வணங்க விழுந்த யோவானிடம் தூதன்கூட "இப்படிச் செய்யாதபடிக்குப் பார்" என்கிறான். இயேசு மட்டும் தோமாவைத் தடுக்கவில்லை. "கண்டதினாலே விசுவாசித்தாய்" என்கிறார், அவ்வளவுதான். பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது அத்தை முணுமுணுப்பதும் தோமாவின் இந்த வரியைத்தான். இத்தனை வருடம் அது ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். டம்ளர் கதையையும் மறைக்கவில்லை. தம்பி பொறுமையாகக் கேட்டான்.

"அது தோமா சொன்னது, அக்கா. நான் கேட்டது ஈசா நபி சொன்னதை."

"ஆமா" என்றேன்.

"மாற்கு பத்துல, 'என்னை நல்லவன்னு ஏன் சொல்றே, கடவுள் ஒருத்தர்தான் நல்லவர்'னு வருதே, அதுக்கு?"

அதற்கு அடுத்த புதன்கிழமை வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். பிரியாணிக்கு ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.