ராத்திரி நிறுத்திய கார் காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா?

மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர் அளக்கும் மீட்டர்) தேடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 45 ஆம்பியர்-அவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், பாதி இறங்கியிருந்தாலும் பெரும்பாலும் வண்டியைக் கிளப்பிவிடும். அந்தப் பாதியை 12 மணி நேரத்தில் குடிக்க ஏறத்தாழ 2 ஆம்பியர் ஓட வேண்டும். நிறுத்திய காரில் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து எடுப்பது வழக்கமாக 50 மில்லிஆம்பியருக்குள்தான், நாளுக்கு 1.2 ஆம்பியர்-அவர். ஆகவே ஒரே ராத்திரியில் படுத்துவிட்டால் ஒன்று பெரிய கசிவு (நிறுத்திய காரில் எதுவோ ஓயாமல் மின்சாரம் இழுக்கிறது), இல்லை பேட்டரியே போய்விட்டது. 80 மில்லிஆம்பியரைத் துரத்திக்கொண்டு ஃபியூஸ் பாக்ஸைக் குடைவது வீண்வேலை.

முதலில் பேட்டரி. முழுக்க சார்ஜ் ஏற்றி, ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணையுங்கள். மேலோட்டமாக நிற்கும் பொய் வோல்டேஜ் இறங்கிவிடும். கொஞ்சம் பொறுத்து அளந்தால் 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். மைனஸைக் கழற்றிவிட்டுப் படுக்கப் போங்கள். எதுவும் இணைக்காமலேயே காலையில் 12.4-க்குக் கீழே போயிருந்தால் குற்றவாளி பேட்டரிதான். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வருகிறதா என்றும் பாருங்கள், 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜே ஏற்றவில்லை.

இரண்டும் சரி என்றால்தான் கசிவைத் தேட வேண்டும். பானெட்டைத் திறந்து, அதன் லாக்கையும் டிரைவர் கதவு லாக்கையும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள், எல்லாம் மூடியிருப்பதாகக் கார் நினைக்கட்டும். கீலெஸ் சாவி தூரமாக இருக்கட்டும். சிவப்பு ஒயரை மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் கம்பத்துக்கும் மைனஸ் கேபிளுக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக இணையுங்கள். முதலில் சில ஆம்பியர் காட்டும், பதற வேண்டாம். கம்ப்யூட்டர்கள் தூங்க 30 நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் யாராவது சாவியைத் திருப்பினால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். பிறகு அது பூஜ்யம் காட்டும், கசிவே இல்லை என்று நாமும் ஏமாந்துபோவோம்.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழி. திரும்பச் செருகும்போது தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு அளவு குழம்பும். பிடுங்காமல், ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லிவோல்ட் அளப்பதே மேல். சும்மா இருக்கும் ஃபியூஸ் 0 காட்டும். 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 ஆம்பியர் ஓடினால் சுமார் 7 மில்லிவோல்ட் வரும்.

டிக்கி விளக்கு 5 வாட் என்றால் 0.4 ஆம்பியர்தான், நல்ல பேட்டரியை ஒரு ராத்திரியில் கொல்லாது, தளர்ந்ததைக் கொல்லும். அதைவிட, அணையாமல் ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பின்னால் மாட்டிய ஆம்ப்ளிஃபையர், டேஷ்கேம் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பல மணி நேரம் நின்ற வண்டியில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் ரிலே தானே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த ஃபியூஸிலும் ஒன்றும் தெரியவில்லை, கசிவு மட்டும் அப்படியே இருக்கிறதா? ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) ஷார்ட் ஆகியிருக்கலாம். பேட்டரி மைனஸை முழுக்கக் கழற்றிய பிறகே ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் முனையில் டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். அளவு சட்டென்று விழுந்தால் பழுது அங்கேதான்.