தும்பிக்கை எந்தப் பக்கம்

ஜூன் 11, 2024

கடைசி பிரிண்டிங் டேபிளும் போய்விட்டது. பல்லடம் பக்கம் புதிதாகப் பட்டறை போடுகிற ஒரு பையன் எடுத்துக்கொண்டான். மையைச் சூட்டில் காயவைக்கிற கியூரிங் மிஷினுக்கு அவன் சொன்னதுதான் விலை. பேரம் பேச எனக்குத் தெம்பில்லை.

12 வருஷம் திருப்பூரில் பனியனுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங். பண மதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., கொரோனா எல்லாவற்றையும் தாண்டி வந்தவளை 1,800 பீஸ் கவிழ்த்தது. கறுப்புத் துணியில் மயில். அடியில் வெள்ளை போட்டு அதன்மேல் நீலம் உட்கார வேண்டும். ஸ்கிரீன் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. மயிலின் ஒரு பக்க ஓரத்தில் நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. 90 நாள் காத்திருந்து பில்லுக்குப் பணம் வாங்கப் போனால், துணி விலையையும் கழித்துவிட்டு, நான்தான் பாக்கி தரவேண்டும் என்றார்கள். சரி, அந்தக் கதை போதும்.

ஜூன் 14

பரணை ஒழித்தபோது லினோ கட்டைகள் கிடைத்தன, லினோலியத்தில் படம் செதுக்கி மை பூசிக் காகிதத்தில் அச்செடுப்பவை. எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்தபோது செதுக்கியவை. லினோவில் வெட்டி எடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. காகிதத்தில் இடம் வலம் மாறி விழும் என்பதால் படத்தைத் திருப்பித்தான் கட்டையில் ஏற்ற வேண்டும். மூன்றாம் வருஷமெல்லாம் பஸ் போர்டைப் பார்த்தாலே மனசு அதைத் திருப்பி எழுதிப் பார்க்கும்.

வீட்டுக்காரர் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்து, "இதையே கல்லுல செதுக்கியிருந்தா விலைக்காவது போயிருக்கும்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜூலை 2

திருமுருகன்பூண்டி. அவிநாசி போகிற வழியில் எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்த ஊர். கல் சிற்பப் பட்டறைகளின் டக் டக் சத்தம் காதில் விழும், அவ்வளவுதான். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையெல்லாம் சுந்தரரிடம் வேடர்கள் பறித்துக்கொண்ட இடம் என்பார்கள். என்னிடம் பறிக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் திருப்பூரிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு சிற்பப் பட்டறையில் வேலை கற்கக் கேட்டேன். பட்டறைப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது அம்மிணி. மூக்குல துணி கட்டு." சேர்த்துக்கொண்டார் என்று அர்த்தம்.

ஜூலை 9

ஒரு வாரமாக உடைந்த கல்லில் கோடு இழுக்கிறேன், வேறு வேலை கிடையாது. லினோவில் உளியைத் தள்ள வேண்டும். இங்கே உளியைச் சாய்த்துப் பிடித்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். சாய்வு கூடினால் வழுக்கும், குறைந்தால் கல்லுக்குள் இறங்கிவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ராத்திரியில் தனியாக நடுங்குகின்றன.

வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியிலிருந்துதான் கல்லும் வருகிறது. பெரியவர் தட்டிக் காட்டினார். ஒன்று மணி மாதிரி 'ணங்' என்றது, ஆண் கல். இன்னொன்று அமுங்கலாக. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய நாலு நாள் ஆனது.

ஆகஸ்ட் 4

அளவு பாடம். முகம் ஒரு தாளம், அதாவது 12 அங்குலம். நவதாளம் என்றால் 108. பிள்ளையாருக்கு பஞ்சதாளம், 60. இந்த அங்குலம் டேப்பில் இருப்பது இல்லை, சிலையின் உயரத்தைப் பங்கு போட்டு வருவது. எத்தனை அடிச் சிலையானாலும் கணக்கு அதேதான்.

ஆகஸ்ட் 20

முதல் ஆர்டர் வேலை. அவிநாசியில் ஒரு புது வீடு, வாசல் நிலைக்கு மேலே வைக்கப் புடைப்புப் பிள்ளையார், ஒரு அடி. பெரியவர் ஒரு கும்பாபிஷேக வேலையாக வெளியூர் போயிருந்தார். டிரேசிங் பேப்பரில் வரைந்து, கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக் கல்லில் ஏற்றினேன். மூன்று நாளில் சுற்றிலும் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் இறக்கிவிட்டேன். கை நன்றாக ஓடியது.

ஆகஸ்ட் 23

பெரியவர் வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன அம்மிணி, வலம்புரியாப் போச்சு?"

காகிதத்தைக் கவிழ்த்த கை பிரிண்ட் போடுகிறவளின் கை. லினோ என்றால் அதுதான் சரி. இது லினோ இல்லை.

அவிநாசி வீட்டுக்காரர்கள் கேட்டது தும்பிக்கை இடது பக்கம் திரும்பிய இடம்புரி. வலம்புரிக்கு நியமம் அதிகம், எல்லா வீட்டிலும் வைக்கப் பயப்படுவார்கள். துணியானால் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் என்று கிலோவுக்குத் தள்ளிவிடலாம். பிள்ளையாரை என்ன செய்வது? கல்லுக்கான காசை நான் தருகிறேன் என்றேன். அவர் பதில் பேசாமல் வேறு கல்லை எடுத்து நூல் போட ஆரம்பித்தார்.

செப்டம்பர் 5

சதுர்த்திக்கு இன்னும் இரண்டு நாள். அவர் செய்த இடம்புரி போய்ச் சேர்ந்துவிட்டது. என்னுடையது சுவரோரம் சாய்ந்திருந்தது. மேல்பரப்பு இன்னும் தட்டையாகவே இருந்தது, சுற்றிலும் பள்ளம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோதுதான் உறைத்தது: இது அப்படியே ஒரு லினோ கட்டை.

பட்டறையில் மிஞ்சிய கறுப்பு பிக்மென்ட் வண்டியில் கிடந்தது. துணிச் சுருளால் கல்லின் மேல் ஒற்றி, ஈரக் காகிதம் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். உரித்தேன். உளிக்கொத்தெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக, நடுவே பிள்ளையார். தும்பிக்கை இடது பக்கம்.

பெரியவர் பின்னால் நின்றிருந்தார். கல்லில் மை பூசியதற்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இன்னொண்ணு போடு."

மூன்று போட்டேன். நான்காவதில் மை காய்ந்து, தும்பிக்கை நுனி விழவில்லை.