வெர்சிஸா, என்சி750எக்ஸா?

பெரிய மோட்டார் ஓட்ட பி ஃபுல் லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது, இனி வீட்டில் தடை சொல்ல வழியில்லை. சுங்கை சிப்புட்டிலேயே இரண்டு பெரிய மோட்டார் விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் 2016 மாடல்: ஹோண்டா என்சி750எக்ஸ், கவாசாகி வெர்சிஸ் 650.

ஹோண்டா வெளியே பளபளவென்று இருந்தது. செயின் ஓடும் பல்சக்கரம், அந்த முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே செயின் கிரீஸோடு குழைந்து இறுகிய செம்மண். "டவுனுக்குள்ளதான்ணே ஓட்டினேன்" என்கிறார் விற்கும் தம்பி. எந்த டவுனில் இவ்வளவு செம்மண் சாலை? பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிகிறது, அவ்வளவு தேய்மானம். செயின் செட் மாற்றிவிடலாம், ஆனால் மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை எப்படி நம்புவது?

இருந்தும் மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 745 சிசிக்கு பெட்ரோல் எண்ணெய் குறைவாகத்தான் குடிக்கும். வால்வு இடைவெளியை ஸ்க்ரூ திருகியே சரிசெய்யலாம். வெர்சிஸில் அந்த இடைவெளிக்கு ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்ற வேண்டும்; அதற்கு வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டும், கூலி எகிறும்.

ஆனால் வெர்சிஸுக்கு 21 லிட்டர் டேங்க். என்சிக்கு 14 சொச்சம்தான், அதுவும் சீட்டுக்கு அடியில். பின்னால் மூட்டை கட்டியிருந்தால் எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் அவிழ்க்க வேண்டும். கிரிக் தாண்டி ஜெலி வரை 100 கிலோமீட்டருக்கு மேல் காடு. யானை குறுக்கே வரும் சாலையில் எண்ணெய்க் கணக்குப் போட்டுக்கொண்டு ஓட்ட எனக்குப் பொறுமை இல்லை.

வெர்சிஸ் முன் ஃபோர்க்கில் லேசாக ஆயில் கசிகிறது. அதை விற்கும் தவுக்கே, அதாவது முதலாளி, கண்டும் காணாததுபோல் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு மெக்கானிக்கோடு மறுபடி போகிறேன். 1,000 வெள்ளி குறைத்தால் சரி.