பெரிய துணியைக் கோணாமல் வெட்டுதல்: அடித்துணியோடு மூன்று மாதம்

ஒட்டுப் போர்வையின் மேல்முகத்துக்கான சிறு சதுரங்களை வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து முடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஐந்து அங்குலச் சதுரம் வெட்டுவதில் பெரிய சிரமம் எதுவுமில்லை. வெட்டுப் பாயும், வட்ட அலகு உருண்டு வெட்டும் உருள்கத்தியும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அடிமட்டமும் இருந்தால் கை தானாகவே பழகிவிடும். நான் தடுமாறியது போர்வையின் அடியில் வரும் பெரிய துணியில்தான். இலங்கை மலைநாட்டின் டிக்கோயாப் பக்கம் இரவுக் குளிருக்குப் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையை என் அம்மாயி காலத்திலிருந்தே பயன்படுத்தி வருகிறோம். அவர்கள் சேலையை முழுதாகவே மடித்துத் தைத்ததால் வெட்டும் தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை. எனக்கோ வெட்டாமல் முடியாது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் போர்வையின் மேல்முகம் 60 அங்குல அகலம், 76 அங்குல நீளம். தைக்கும்போது துணி உள்ளிழுக்கப்படும் என்பதால் நான்கு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக விட்டால் அடித்துணி 66க்கு 82 வர வேண்டும். ஹட்டனில் வாங்கிய பருத்தித் துணியின் அகலம் ஏறத்தாழ 44 அங்குலம். அதில் ஒரே துண்டாக எடுக்க வழியில்லை. 82 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து நெட்டுவாக்கில் இணைத்தால் நாலேகால் மீற்றருக்குக் குறையாமல் துணி பிடிக்கும்; பக்கத்தில் நிறைய வீணாகும். 66 அங்குலத்தில் இரண்டு துண்டு எடுத்து, இணைப்பு போர்வையின் நடுவில் குறுக்காக வரும்படி வைத்தால் நான்கு மீற்றரே போதும். கழுவிய பின் அகலம் 43 அங்குலமாகி, இரு பக்கமும் கரையை அரை அங்குலம் வீதம் நீக்கினால் 42 நிற்கும். 42உம் 42உம் சேர்ந்து தையலுக்கு ஓர் அங்குலம் போக 83 வரும். ஓர் அங்குலம்தான் மிச்சம் என்பதால், வெட்டில் கோணல் வந்தால் தாங்காது.

மே மாதம் செய்த முதல் முயற்சி வீணாகிப் போனது. எங்கள் முன்னறையில் அலுமாரியைத் தள்ளிவைத்தாலும் துணியை முழுதாக விரிக்க இடமில்லை. ஆகவே கரையோடு கரை சேர்த்து நான்காக மடித்து, 24 அங்குல அடிமட்டத்தை நகர்த்தி நகர்த்திக் கோடு போட்டு வெட்டினேன். விரித்துப் பார்த்தபோது வெட்டு விளிம்பு நேராக ஓடாமல், மடிப்பு இருந்த ஒவ்வோர் இடத்திலும் முழங்கால் மடங்கியது போல வளைந்து நின்றது. ஒரு பக்கம் 66½, மறுபக்கம் 64¾. மடிப்புக் கோடு பாவு இழையோடு, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூலோடு, இணையாக இல்லாவிட்டால், கத்தி எவ்வளவு நேராகப் போனாலும் இழைக்கு அது சாய்வாகவே போகும். விரிக்கும்போது அந்தச் சாய்வு மடிப்பின் இரு பக்கமும் எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளும். இரண்டு மடிப்பென்றால் பிழையும் இரு தடவை. சிறு துண்டில் ஒரு நூலளவாகத் தெரியும் கோணல், 66 அங்குலத்தில் ஓர் அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது. அந்தத் துணி தலையணை உறைகளாக மாறிவிட்டது.

அடுத்து அளவு நாடாவைச் சோதித்தேன். நான் பல வருடமாக வைத்திருந்த துணி நாடாவை மாமாவின் இரும்பு டேப்பின் மேல் கிடத்திப் பார்த்தபோது, நாடாவின் 60 அங்குலம் இரும்பில் 60⅜ இல் போய் நின்றது. இழுபட்டு இழுபட்டு நீண்டிருக்கிறது. உடம்பளவு எடுக்க அது இப்போதும் உதவும். பெரிய துணிக்கு இனி இரும்பு டேப்தான்.

மாமா மேசன் வேலை செய்கிறவர். நான் கோணிய துண்டைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மூலைக்கு மூலை புடிச்சுப் பாத்தியா புள்ள?" என்பதுதான். கட்டடத்துக்கு அத்திவாரக் கயிறு கட்டும்போது ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, அவற்றின் குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி என்று பார்ப்பார்கள். துணிக்கும் அதே கணக்கு பொருந்துகிறது: 36, 48, 60 அங்குலம். 66க்கு 42 துண்டில் இரண்டு மூலைவிட்டங்களும் 78¼ அங்குலத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்தும் துண்டு சாய்ந்த இணைகரமாக நிற்கக்கூடும் என்பதால், பக்க அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதை நான் விட்டுவிட்டேன்.

ஜூலையில் புதிய துணியைக் கழுவினேன். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் எங்கள் பக்கம் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் சில்லென்றே இருக்கும். ஈரம் பிடித்த பருத்தி கைக்கு எளிதில் இழுபடும். தொங்கவிட்டு உலர்த்தினால் தன் பாரத்தாலேயே சாயும். ஆகவே மூன்று வரிசைக் கொடியின் மேல் பரத்திப் போட்டு உலர்த்தி, இலேசான ஈரம் இருக்கும்போதே ஸ்திரிக்கைப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினேன். தேய்த்தால் துணி மூலைவாட்டில் நீண்டுவிடுகிறது. பாவு இழையின் போக்கில் நீட்சி மிகக் குறைவு, அகலவாக்கில் ஓடும் ஊடை இழையின் போக்கில் சற்றே கூடுதல், மூலைவாட்டில்தான் மிக அதிகம்.

கரையையும் அப்போதே நீக்கினேன். கரை நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் கழுவிய பின் மற்றப் பகுதியைவிட வேறு அளவில் சுருங்கி, ஓரத்தைச் சுருக்குப் பை வாய் போல இழுத்துப் பிடிக்கிறது. கரையை எடுத்த மறுகணமே துணி தரையில் படிந்ததைக் கண்ணால் கண்டேன்.

நேர்விளிம்பு கண்டுபிடிக்க இரண்டு வழிகளைச் செய்து பார்த்தேன். ஓரத்தில் சிறு வெட்டு வைத்துக் கிழித்தால் துணி ஊடை இழையின் வழியே கிழியும். வேகமானது, ஆனால் கிழிந்த விளிம்பு அரை அங்குலம் வரை நெளிந்து நைந்துவிடுகிறது. மற்றது இழை உருவுவது. ஒரே ஒரு ஊடை நூலை ஊசி முனையால் கிளப்பி, இரு விரலால் பிடித்து மெல்ல இழுக்க, துணி அந்த நூலின் மேல் கொசுவிக்கொண்டே போகும். கொசுவத்தை மறு கையால் நீவிவிட்டுத் தொடர்ந்து இழுத்தால் நூல் போன இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெற்றுக் கோடு தெரியும். என் நூல் நான்கு இடத்தில் அறுந்தது. அறுந்த இடம்வரை வெட்டி, அதே நூலின் மறுமுனையைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்தேன். 42 அங்குலத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்தக் கோட்டை விட நேரான கோடு எந்த அடிமட்டத்தாலும் எனக்குக் கிடைத்ததில்லை. கட்டம் போட்ட கைத்தறித் துணியென்றால் கட்டமே இழையால் ஆனது என்பதால் இந்தப் பாடு தேவையில்லை. அச்சிட்ட கட்டத்தை மட்டும் நம்பக்கூடாது; அச்சு இழையை விட்டு விலகியிருப்பதுண்டு.

இடத்துக்கு, அனுமதி கேட்டு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) தரையைப் பயன்படுத்தினேன். பன்னிரண்டு அங்குல டைல்ஸ் கோடுகளையே அளவாகக் கொள்ளலாம் என்ற ஆசை வந்தது. அளந்து பார்த்தால் பத்து டைல்ஸ் 120 அங்குலத்தைத் தாண்டி அரை அங்குலத்துக்கும் மேல் போனது. இடையில் பூசிய சாந்தின் அகலம் சேர்ந்துவிடுகிறது. ஆகவே கோடுகளைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, துணியை மடிப்பில்லாமல் விரித்து, உருவிய விளிம்பைத் தரையில் காகித டேப்பால் ஒட்டி, மற்றப் பக்கங்களில் பருப்பு நிரப்பிய பால்மா டின்களை வைத்தேன். துணியை இழுத்துப் பிடித்து ஒட்டவில்லை. இழுத்து ஒட்டியது வெட்டியபின் சுருங்கித் தன் இயல்பான அளவுக்கே போய்விடும்.

மேசன்மார் சாந்தை இழுத்துச் சமப்படுத்தும் எட்டடி அலுமினியச் சட்டத்தை மாமாவிடம் வாங்கிக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். இந்த மூன்று மாதத்தில் எனக்கு மிகவும் உதவிய பொருள் அதுதான். உருவிய விளிம்பிலிருந்து 66 அங்குலத்தை ஐந்து இடங்களில் குறித்து, ஐந்து புள்ளிகளையும் தொடும்படி சட்டத்தை ஒரே தடவை வைத்துச் சோக்கால் ஒரே கோடாக இழுத்தேன். சிறிய அடிமட்டத்தை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு சாய்வு கூடும். நகர்த்தாதபோது கூடுவதற்கு எதுவுமில்லை.

உருள்கத்தியை இதற்கு எடுக்கவில்லை. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்தக் கருவிக்கு நான் மிகவும் கடமைப்பட்டவள். ஆனால் என் 24க்கு 36 அங்குலப் பாயைக் கோட்டுக்கு அடியில் நகர்த்தும்போதெல்லாம் துணி அசைந்தது. பத்து அங்குலக் கத்தரிக்கோலின் கீழ் அலகைத் தரையை விட்டு உயர்த்தாமல், நுனி முழுதாக மூடுவதற்கு முன் முன்னே தள்ளித் தள்ளி வெட்டினேன். நுனியை மூடினால் அந்த இடத்தில் ஒரு படி விழுகிறது.

முதல் துண்டின் மூலைவிட்டங்கள் 78¼உம் 78⅜உம். இரண்டாவது துண்டில் வித்தியாசம் காணக் கிடைக்கவில்லை. வெட்டிய துண்டுகளை மடிக்காமல் பீவீசீ குழாயில் சுற்றி, இணைக்க வேண்டிய விளிம்புகளின் நடுப்புள்ளியில் நீல நூலால் ஓர் அடையாளம் போட்டிருக்கிறேன். மேல்முகத்தின் ஓரத்துக்கு 76 அங்குலப் பட்டிகள் இரண்டு இன்னும் வெட்ட வேண்டும். அவற்றைப் பாவு இழையின் போக்கில் எடுக்கப்போகிறேன், அதற்குச் சட்டம் இன்னும் ஒரு வாரம் என்னிடம் இருக்கும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன்.