வட்டத்துக்கு வெளியே

1994 முதல் 1997 வரை பாடசாலை நெட்போல் அணியில் விளையாடினேன். நான்கு வருடத்தில் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. போடத் தெரியாமல் இல்லை, எனக்கு அனுமதி இல்லை. என் சட்டையில் குத்தியிருந்த எழுத்து டபிள்யூ டி. விங் டிஃபென்ஸ்.

நெட்போல் விளையாடாதவர்களுக்கு இது புரியாது. ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, ஏழு பேரும் யார் யார் எதுவரை போகலாம் என்று வகுத்திருப்பார்கள். விங் டிஃபென்ஸுக்கு நடுப்பகுதியும் தன் பக்கத்துப் பகுதியும்தான். கம்பத்தைச் சுற்றிக் கீறியிருக்கும் அரைவட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. எதிராளியின் வட்டத்துக்குள் மட்டுமில்லை, நம்முடைய வட்டத்துக்குள்ளும்தான். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. மூன்று செக்கனுக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது. பிடி, நில், கொடு. எங்கள் ரீச்சர் விசிலுக்கு விசில் சொன்ன பாடம் அவ்வளவுதான்.

அதற்கே வீட்டில் எத்தனை கெஞ்சல்! அப்போது திருகோணமலையில் பின்னேரம் என்றாலே அம்மாமாருக்கு வயிற்றைக் கலக்கும். செக்பொயின்ற் தாண்டி இருட்டுமுன் வீடு சேர வேண்டும். ஒரு தடவை மட்டக்களப்பில் போட்டி. பெயர் கொடுத்து, சீருடை தைத்து, சாப்பாட்டுப் பார்சல் பற்றிக்கூடப் பேசி முடித்தாயிற்று. பாதை மூடிவிட்டார்கள். பாதை திறந்திருந்தாலும் கிண்ணியாவில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் படகுப்பாதையில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும், கிண்ணியாப் பாலம் வந்தது 2009இல்தானே. அந்தச் சீருடையை அம்மா பிறகு தலையணை உறையாக்கினார்.

இதெல்லாம் நினைவுக்கு வந்தது அண்ணன் மகளால். பதினொராம் வகுப்பு. பாஸ்கட்போல் விளையாடுகிறாள். 2025 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, உவர்மலையில் உள்ள என் வீட்டில் வந்து தங்கினாள். மாமி மேல் பாசம் என்று நினைத்தேன். பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களின் பாஸ்கட்போல் உலகக் கிண்ண இறுதியாட்டம் அன்றிரவு. அண்ணன் வீட்டில் பத்து மணிக்கு வைஃபை நின்றுவிடும், என் வீட்டில் கேட்பாரில்லை.

பால்மா டின்னில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் பாயில் இருந்தோம். வெளியே கச்சான் காற்று முருங்கையைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. போட்டி நடந்தது செக் குடியரசின் பிர்னோ நகரத்தில். "மெண்டல் பட்டாணி வளர்த்த ஊர், மாமி" என்றாள். விஞ்ஞானப் பாடத்தில் அவளுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான் என்று அண்ணன் சொல்வார், ஆனால் ஊர் சரி. 2001இலும் இதே போட்டி இதே பிர்னோவில்தான் நடந்தது, அப்போது கிண்ணத்தை எடுத்தது சொந்த ஊர்ப் பிள்ளைகள். இந்தத் தடவை பதினாறு நாடுகளில் கடைசியாக நின்றவை அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும். மெல்பேர்னில் சித்தி இருப்பதால் எங்கள் வீட்டு ஆதரவு அவுஸ்திரேலியாவுக்கு. பாவம் அந்தப் பிள்ளைகள். 2019இல் பாங்கொக்கில் மேலதிக நேரம் வரை போய் 74-70 என்று இதே அமெரிக்காவிடம் தோற்றார்கள். 2021இல் 70-52. இந்தத் தடவை 88-76.

புள்ளிகளை நான் அவ்வளவு கவனிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது கால்களை. அணியிலேயே உயரமான பிள்ளை, நெட்போலில் என்றால் வட்டத்துக்குள்ளேயே நிற்க வைத்திருப்பார்கள், தன் வளையத்தடியில் பந்தைப் பறித்து, தானே தட்டிக்கொண்டு 28 மீற்றர் களத்தின் மறுகரை வரை ஓடுகிறாள். வளையத்திலிருந்து 6.75 மீற்றர் தள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்பவளும் எறிகிறாள். மறிக்க வந்தவளின் தோளில் மோதி விழுந்து, எழும்பி, சிரிக்கிறாள். யாரும் யாருக்கும் "நீ இங்கே வராதே" என்று சொல்லவில்லை.

"இதில் விங் டிஃபென்ஸ் யார்?" என்று கேட்டேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அவளுடைய தெய்வம் கெய்ட்லின் கிளார்க். அறைக் கதவில் படம் ஒட்டியிருக்கிறாள். 2021இல் இதே போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனை கிளார்க்தான். ஊர் அமெரிக்காவின் ஐயோவா மாநிலம். அந்த ஐயோவாவைப் பற்றி மறுநாள் தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே பள்ளிப் பெண்கள் பல தலைமுறையாக ஆறு பேர் பாஸ்கட்போல் ஆடியிருக்கிறார்கள். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று புள்ளி எடுப்பார்கள், மற்ற மூன்று பேர் மறு பாதியில் நின்று காப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு தடவைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது. காக்கும் மூன்று பேரும் ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூட வளையத்தை நோக்கி எறிய முடியாது. அமெரிக்காவிலும் விங் டிஃபென்ஸ்கள்! அந்த முறை ஐயோவாவில் முற்றாக நின்றது 1993இல். நான் சட்டையில் எழுத்துக் குத்துவதற்கு முந்தின வருடம். கிளார்க் பிறந்தது 2002இல்.

1891இல் நெய்ஸ்மித் பாஸ்கட்போலைக் கண்டுபிடித்த கையோடு, பெண்களுக்கு அதிகம் ஓடினால் ஆகாது என்று களத்தைக் கோடு போட்டுப் பிரித்துவிட்டார்கள். அந்தக் கோடுகள் இங்கிலாந்துப் பக்கம் போய் நெட்போலாகி, கடல் தாண்டி நம்மூர்ப் பாடசாலை மைதானத்துச் சுண்ணாம்புக் கோடாக வந்து கிடந்திருக்கின்றன. நான் நான்கு வருடம் அதற்குப் பயந்து நின்றிருக்கிறேன்.

நெட்போலைக் குறை சொன்னால் எனக்கே கோபம் வரும், அது வேறு விஷயம். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம் எடுத்தோமே, தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்று ஆளுக்கு மேலால் பந்தை வாங்கி வளையத்துக்குள் வைத்தாரே, அன்று நான் வேலைத்தலத்தில் அழுதேன். யாழ்ப்பாணத்திலிருந்து போன ஒரு தமிழ்ப் பிள்ளை. இந்த நாட்டுப் பெண்களுக்குப் பாஸ்கட்போல் அப்படி ஒரு நாளை இன்னும் தரவில்லை. அதையும் மருமகளிடம் சொன்னேன். "அவ ஷூட்டர், மாமி. உங்களை மாதிரி இல்லை" என்றாள். வாய்!

அவளோடு ஆடும் ஒரு பிள்ளை கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், தலையை மூடி, முழுக்கைச் சட்டையோடு ஆடுவாள். சர்வதேச ஆட்டங்களில் முன்பு அதற்கு இடமில்லை. 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் கட்டார் பெண்கள் தலைத்துணியைக் கழற்ற மாட்டோம் என்று களத்தை விட்டே போனார்கள். மாற்றிய விதி நடைமுறைக்கு வந்தது 2017 ஒக்டோபரில். தன் கதையைச் சொல்ல வேண்டியவள் அவள்தான், நான் இதோடு நிறுத்துகிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மருமகள் என்னைக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சீமெந்துத் தரை, வெடிப்பில் புல். ஒரு வளையத்தில் வலையே இல்லை, மற்றதில் பாதி. ஏழு மணிக்கே வெயில் சுட்டது. பந்தைக் கையில் தந்தாள். நெட்போல் பந்தை விட நூறு கிராமுக்கு மேல் பாரம், அதை மணிக்கட்டு உடனே சொல்லிவிட்டது.

"ஓடுங்கோ மாமி!"

ஓட முடியவில்லை. பந்து கைக்கு வந்ததும் கால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. இருபத்தெட்டு வருடம் ஆகியும், பிடி, நில், கொடு. யாருக்குக் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தேன். மருமகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நின்ற இடத்திலிருந்தே எறிந்தேன். வளையத்துக்கு ஒரு முழம் கீழே போனது. இரண்டாவது, மூன்றாவது, எட்டாவது. நெட்போல் கம்பத்தில் பலகை இல்லை, பாஸ்கட்போலில் அந்தப் பலகை நமக்காகத்தான் இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தாள். பலகையில் இருக்கும் சிவப்புச் சதுரத்தின் மூலையைப் பார்த்து எறியச் சொன்னாள். சதுரம் வெயிலில் வெளிறி மூலை எது என்றே தெரியவில்லை.

பிறகு என்ன வந்ததோ தெரியாது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். வட்டத்துக்குள், வளையத்துக்கு நேர் கீழே, செருப்பு ஒன்று எங்கோ கழன்று போக, இரண்டு கையாலும் மேலே தள்ளினேன். பலகையில் பட்டு, இரும்பில் ஒரு சுற்றுச் சுற்றி, பாதி வலைக்குள்ளால் விழுந்தது.

கத்தினேன். மதிலுக்கு அப்பால் போன ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மருமகள் இரண்டு கை முட்டிகளையும் நெஞ்சுக்கு முன்னால் உருட்டிக் காட்டினாள்.

"ட்ராவலிங், மாமி. தட்டாமல் ஆறு காலடி ஓடினீங்கள். செல்லாது."